ஸ்கூப் கட்அவே: கிட்டாரும் யுகுலேலேயும் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆம்பூர், ஆரணி வட்டாரத்தில் மொட்டைமாடி ஷெட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் கிட்டார் செய்து பார்ப்பவர்கள் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஒரு கிட்டாரையாவது பெட்டி கட்டி முடித்தவர்களுக்கான பக்கம் இது. பக்கப்பலகை வளைப்பது, பிரேஸ் (உள்ளே பலகையைத் தாங்கும் சட்டம்) ஒட்டுவதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

எல்லா அளவும் மில்லிமீட்டரில். கிட்டார் என்று சொன்னால் 645 ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 14-ஆம் ஃப்ரெட்டில் உடம்பு சேரும் ஓஎம் (ஆர்க்கெஸ்ட்ரா மாடல்) வடிவம். யுகுலேலே என்று சொன்னால் 432 ஸ்கேல் டெனர்.

1. ஸ்கூப் கட்அவேன்னா இன்னா? சாதா கட்அவேக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?

கட்அவே என்பது மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டுவதற்காகக் கழுத்தருகே உடம்பில் விடும் வெட்டு. சாதாரண கட்அவேயில் உடம்பின் வெளிக்கோடே உள்ளே வளைந்து போகும். பக்கப்பலகையைச் சின்ன ஆரத்தில் வளைத்து, மேல்பலகை, பின்பலகை இரண்டையும் அதே கோட்டில் வெட்ட வேண்டும். ஸ்கூப்பில் வெளிக்கோடு அப்படியே இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் கட்அவே இருப்பதே தெரியாது. மெல்லிய தந்திகள் பக்கத்துத் தோளில், மேல்பலகையின் ஓரத்தையும் அதற்குக் கீழே உள்ள பக்கப்பலகையின் பாதியையும் சேர்த்து, நுங்கைப் பெருவிரலால் தோண்டின மாதிரி ஒரு குழிவு. அவ்வளவுதான்.

தோண்டினால் உள்ளே காற்றுப் பெட்டிதானே இருக்கிறது, ஓட்டையாகிவிடாதா? ஆகும். அதனால்தான் பெட்டியை மூடுவதற்கு முன்பே அந்த இடத்தில் உள்ளே ஒரு கட்டை ஒட்டுகிறோம். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் அந்தக் கட்டையைப் பற்றியவை. வெளியே தெரியும் குழிவு ஒரு நாள் வேலை; அது நன்றாக வருமா வராதா என்பது கட்டையிலேயே முடிவாகிவிடும்.

2. கடைசி ஃப்ரெட் வரைக்கும் கை போவுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 17-க்கு 46 மி.மீ., 20-க்கு 84 மி.மீ. தோளின் விளிம்பிலிருந்து பிரிட்ஜ் பக்கமாக 45 மி.மீ. உள்ளே வரும்படி குடைந்தால், மேல்பலகையில் குழிவின் கோடு 17-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக நிற்கும். உள்ளங்கை ஓரம் அதுவரை வந்துவிட்டால் விரல்கள் இன்னும் இரண்டு மூன்று ஃப்ரெட் எட்டும். ஆக 19, 20-இல் தனி சுரங்கள் வாசிக்கலாம்.

முழு கட்அவேக்கு இது சமம் என்று சொல்ல மாட்டோம். உடம்பின் பின்பாதி வெட்டப்படாமல் இருப்பதால் மணிக்கட்டுக்கு அங்கே தடை உண்டு. 18-க்கு மேல் நான்கு விரல் கார்டு பிடிப்பவர், அங்கே தந்தியை இழுத்து கமகம் வாசிக்கும் கர்நாடக சங்கீதக்காரர், இவர்களுக்கு முழு கட்அவேயே சரி. மற்றவர்களுக்கு ஸ்கூப் போதும்; போதும் என்பதைவிடக் கொஞ்சம் கூடவே.

3. யுகுலேலே இத்துனூண்டு. அதுக்கு எதுக்கு ஸ்கூப்?

டெனரைவிடச் சின்ன சோப்ரானோவுக்குத் தேவையே இல்லை. பெரும்பாலும் 12-ஆம் ஃப்ரெட்டில் உடம்பு சேரும் அந்த வாத்தியத்தில் அதற்கு மேல் வாசிப்பவர் அபூர்வம். டெனரில் 14-இலிருந்து 19-க்கு 48 மி.மீ. இருக்கிறது, தனி சுரம் வாசிப்பவர்கள் அங்கே போவார்கள். அதற்கு 25 மி.மீ. உள்ளே, 20 மி.மீ. ஆழம் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. யுகுலேலேயில் முழு கட்அவேக்குப் பக்கப்பலகையை 25, 30 மி.மீ. ஆரத்தில் வளைக்க வேண்டியிருக்கும். சுருள் ரேகை உள்ள மரம் அந்த வளைவில் பட்டென்று உடையும். ஸ்கூப்பில் அந்த வளைப்பே கிடையாது.

4. சத்தம் கொறையாதா?

ஓஎம் பெட்டிக்குள் ஏறக்குறைய 13 லிட்டர் காற்று இருக்கிறது. குழிவும் உள்ளே மிஞ்சும் கட்டையும் சேர்ந்து எடுத்துக்கொள்வது கால் லிட்டருக்குச் சற்று மேல், அதாவது நூற்றில் இரண்டு பங்கு. பெட்டிக் காற்றின் அதிர்வு 100 ஹெர்ட்ஸில் இருந்தால் 101-க்குப் போகும். காதுக்குத் தெரியாது. முழு கட்அவே இதைவிட அதிகக் காற்றைத் தின்னும்.

குடையும் இடமும் சத்தம் பிறக்கும் இடமல்ல. ஒலித்துளைக்கு மேலே குறுக்காக ஒரு பிரேஸ் போகிறதே, அதற்கு மேலுள்ள பலகை பெரும்பாலும் கழுத்தைத் தாங்கத்தான் இருக்கிறது. எடை மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். 8-ஆம் கேள்வியில் வருகிறது.

5. அண்ணா, என்கிட்ட ரெடிமேட் கிட்டார் ஒண்ணு கீது. அதுல தோண்டிக்கலாமா?

வேண்டாம். உள்ளே கட்டை இல்லை. பக்கப்பலகை 2 மி.மீ., மேல்பலகை 3 மி.மீ., மூலையில் பலகைகள் ஒட்ட ஒரு லைனிங் பட்டை. தோண்ட ஆரம்பித்த நாலாவது நிமிடம் உள்ளே வெளிச்சம் தெரியும். பின்பலகையைக் கழற்றி, கட்டை ஒட்டி, மறுபடி மூடி, பைண்டிங் (உடம்பைச் சுற்றி வரும் ஓரப்பட்டை) போட்டுச் செய்யலாம். அந்த உழைப்பில் புதுசாகவே ஒன்று கட்டிவிடலாம்.

6. கை வைக்கிற இடத்துல சாய்வா சீவியிருப்பாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அது ஆர்ம் பெவல். வலது முழங்கை அழுத்தும் கீழ்ப்பகுதியில், தடித்த தந்திகள் பக்கம் வருவது. கனடா நாட்டில் கிட்டார் செய்பவரான வில்லியம் லாஸ்கினின் பேரோடு சேர்த்துச் சொல்வார்கள். உள்ளே கட்டை ஒட்டி வெளியே செதுக்கும் முறை இரண்டுக்கும் பொது. ஆனால் பெவல் புடைத்த பரப்பு, ஸ்கூப் குழிந்த பரப்பு. வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டும்போது இந்த வித்தியாசம் உயிரை எடுக்கும். முதல் முயற்சிக்குப் பெவல் எளிது.

7. வடிவத்தை எப்படி முடிவு பண்றது? படத்தைப் பாத்து வரைஞ்சிக்கலாமா?

படத்தில் இருப்பது வேறு ஒருவர் கைக்குச் செய்தது. தெர்மாகோலில் உங்கள் கிட்டாரின் மேல்தோள் பகுதியை மட்டும் முழு அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பழைய கழுத்தையோ, அதே அகலத்துக்குச் சீவிய சட்டத்தையோ அதில் செருகி, 14 முதல் 20 வரை ஃப்ரெட் கோடுகளைப் பேனாவால் போடுங்கள். வாசிக்கப்போகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து 19-ஐ அழுத்தச் சொல்லுங்கள். உள்ளங்கை எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துக்கொண்டே போங்கள். பொதுவாக இரண்டு விஷயம் தெரியவரும். ஆழமான புள்ளி நாம் நினைத்த இடத்தில் இருக்காது, கழுத்துக்கு இன்னும் அருகில் இருக்கும். மறுமுனையில் நாம் தோண்டியதில் பாதி வீண்.

வடிவம் பிடித்தபின் குறுக்கே மூன்று இடத்தில் அட்டையை வெட்டிப் பொருத்தி டெம்ப்ளேட் எடுத்துக்கொள்ளுங்கள்: ஆழமான இடத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் 35 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று. இந்த மூன்று அட்டைகள் கடைசிவரை வேண்டும். கிட்டாரில் பக்கப்பலகை மீது குழிவு இறங்கும் ஆழம் 35-இலிருந்து 40-க்குள் இருந்தால் போதும்.

8. உள்ளே வைக்கிற கட்டைக்கு எந்த மரம்?

லேசான, ரேகை நேரான மரம் எதுவும். மலைவேம்பு நம் பக்கம் தோப்புத் தோப்பாக வளர்க்கிறார்கள். பிளைவுட்டுக்குப் போகிற மரம், எடை குறைவு, நன்றாகச் செதுக்க வரும். சந்தனவேம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. மகோகனியும் சரி. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டு பிடிக்கத் தகராறு செய்யும். ஈட்டி (ரோஸ்வுட்) அழகுதான், ஆனால் மலைவேம்பைப் போல் இரண்டு மடங்கு கனம். (ஜவ்வாது மலைப் பக்கம் சந்தனக்கட்டை கிடைக்குமா என்று ஒருவராவது கேட்கிறார். அனுமதி, ரசீது இல்லாத சந்தனத்தைத் தொடவே தொடாதீர்கள். இந்த வேலைக்கு அது வேண்டியதும் இல்லை.)

ஒரே துண்டாக 50 மி.மீ. கட்டை வாங்காதீர்கள். மரவாடியில் இருக்கும் அந்தத் தடிமன் நடுவே ஈரமாகவே இருக்கும். பெட்டிக்குள் போனபின் காய்ந்து வெடிக்கும். 10 மி.மீ. பலகைகளாக அறுத்து, ஒரு மாதம் நிழலில் காயவைத்து, ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். எல்லாப் பலகையிலும் ரேகை ஒரே திசையில், கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

அடுக்காக ஒட்டுவதில் இன்னொரு லாபம் உண்டு. செதுக்கும்போது ஒட்டுக் கோடுகள் குழிவின் மேல் வளையங்களாகத் தெரியும், மலை வரைபடத்தில் உயரக் கோடுகள் போடுவார்களே அந்த மாதிரி. எங்காவது ஒரு கோடு நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது என்று பொருள். கைக்குத் தெரியாத பிசகு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

9. கட்டை எவ்ளோ பெருசு? பக்கப்பலகையோட எப்படிப் பொருத்தறது?

கிட்டாருக்கு நீளம் 140, உள்ளே 60, ஆழம் 50. யுகுலேலேக்கு 80, 38, 28. இது செதுக்குவதற்கு முந்தைய அளவு. பக்கப்பலகை அச்சுக்குள் இருக்கும்போதே அதன் உள்வளைவை அட்டையில் எடுத்து, கட்டையின் வெளிமுகத்தை அதற்கு அறுங்கள். பக்கப்பலகையின் உள்ளே சாக்பீஸ் தேய்த்து, கட்டையை அழுத்தி எடுத்தால், வெள்ளை ஒட்டிய இடமெல்லாம் மேடு. சுரண்டி மறுபடி வையுங்கள். ஒட்டுமுன் இடுக்கில் ஒரு தாள்கூட நுழையக் கூடாது. கிளாம்ப் இறுக்கி இடைவெளியை மூடிவிடலாம் என்று நினைத்தால், பாலிஷ் ஏறியபின் பக்கப்பலகை அலை அலையாகத் தெரியும்.

இப்போது முக்கியமான வேலை. 7-இல் எடுத்த அட்டைகளை வைத்துக் கட்டையின் உள்முகத்தைக் குடைந்துவிடுங்கள், குழிவுக்கு இணையாக. கடைசியில் கிட்டாரில் 8 மி.மீ., யுகுலேலேயில் 5 மி.மீ. சுவர் மிஞ்சும்படி. இதைப் பெட்டி மூடியபின் செய்ய வழியே இல்லை. பலர் உள்முகத்தை அப்படியே விட்டுவிட்டு, கிட்டார் ஒரு பக்கம் கனக்கிறது என்று வருந்துகிறார்கள்.

கட்டையின் கீழ் விளிம்பும் இரண்டு முனைகளும் பக்கப்பலகையில் படிக்கட்டு மாதிரி சடாரென்று முடியக் கூடாது. 15 மி.மீ. தூரத்துக்குச் சரித்து ஒன்றுமில்லாமல் கரைத்துவிடுங்கள். படிக்கட்டாக விட்டால், கிட்டார் எங்காவது இடிபடும்போது பக்கப்பலகை சரியாக அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். லைனிங்கைக் கட்டை வரும் இடத்தில் நிறுத்தி முட்ட வையுங்கள். மேல்முகத்தை லைனிங்கோடு சேர்த்தே மட்டம் பாருங்கள்.

10. பிரேஸ், நெக் பிளாக் எல்லாம் இடிக்குமே?

ஒலித்துளைக்கு மேலே உள்ள குறுக்கு பிரேஸ் 20-ஆம் ஃப்ரெட்டைத் தாண்டித்தான் இருக்கும். கட்டை 60 மி.மீ. உள்ளே வந்தாலும் 18-ஆம் ஃப்ரெட்டோடு நின்றுவிடுகிறது. கழுத்துப் பக்கம் இடிக்காது. பக்கப்பலகை ஓரமாகக் கட்டை வளைந்து போகும் முனையில் இடிக்கலாம். அங்கே கட்டையைக் குறையுங்கள், பிரேஸைக் குறைக்காதீர்கள்.

ஃப்ரெட்போர்டுக்கு இருபுறமும் சாய்வாக இரண்டு பிரேஸ் வைக்கும் முறையில், மெல்லிய தந்திப் பக்கத்து பிரேஸ் கட்டைமேல் ஏறும். அதைக் கட்டையருகே நிறுத்தி, கட்டையில் 4 மி.மீ. காடி வெட்டி முனையைச் செருகிவிடுங்கள். கழுத்து வந்து சேரும் உள்கட்டையான நெக் பிளாக்கைத் தொடவே கூடாது. கழுத்து போல்ட் போகும் துளைக்கும் குழிவுக்கும் நடுவே 12 மி.மீ. மரமாவது இருக்க வேண்டும்.

11. எப்போ செதுக்கறது, எதால செதுக்கறது?

மேல்பலகை, பின்பலகை இரண்டும் ஒட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களைச் சீவியபின். பைண்டிங்குக்கு முன். மேல்பலகையில் ஒரு கோடு, பக்கப்பலகையில் ஒரு கோடு பென்சிலால் போட்டு, மேல்பலகைக் கோட்டைக் கூரான கத்தியால் இரண்டு மூன்று முறை அழுத்திக் கீறிவிடுங்கள். மேல்பலகைக்குப் போடும் ஸ்புரூஸ் மிருதுவான மரம். கீறாமல் அரத்தை வைத்தால் நார் நாராகக் கோட்டைத் தாண்டிப் பிய்ந்து வரும்.

மொத்தமாக எடுக்க, வளைந்த வாய் உளி. ஆங்கிள் கிரைண்டரில் 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும், பத்து நொடியில் கெட்டும் போகும். பழகாதவர்கள் உளியோடு இருங்கள். எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி. எதிர்த்துத் தள்ளினால் ரேகை பிளந்து எழும். கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் உளியை நிறுத்தி, அரைவட்ட அரம், பிறகு ஸ்கிராப்பர். பழைய ஹேக்ஸா பிளேடை முட்டை வடிவில் தேய்த்தால் நல்ல ஸ்கிராப்பர் கிடைக்கும். கடைசியில் 7-இல் எடுத்த அட்டைகளை வைத்துச் சரிபாருங்கள். விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

குழிவு மேல்பலகையைச் சந்திக்கும் இடத்தில் சரிவு ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இருக்கட்டும். பட்டையாகச் சரித்தால் ஸ்புரூஸ் விளிம்பு காகிதமாக மெலிந்து, நகம் பட்டாலே பிசிறும்.

12. ஓட்டை விழுந்துடுமோன்னு பயமா கீது. எவ்ளோ ஆழம் போயிருக்கோம்னு எப்படித் தெரியும்?

பெட்டி மூடுமுன், குடைந்து முடித்த உள்முகத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பத்து இடத்தில் 2.5 மி.மீ. துளை போடுங்கள், சரியாக 8 மி.மீ. ஆழம். டிரில் பிட்டில் டேப் சுற்றி அளவு வையுங்கள். கறுப்பு மையில் ஊறிய மூங்கில் குச்சியைப் பசை தொட்டு அதில் செருகி, மட்டமாக வெட்டிவிடுங்கள். வெளியிலிருந்து செதுக்கும்போது கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் மிச்சம் 8 மி.மீ.; உளியை எடுத்துவிடலாம். யுகுலேலேக்கு 5 மி.மீ. துளை. வெனீர் ஒட்டாமல் கட்டையையே காட்டப்போகிறீர்கள் என்றால் துளையை 2 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள்; அப்போது புள்ளி தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மீறி ஓட்டை விழுந்தால்: கிட்டாரின் ஒலித்துளையில் கை நுழையும். 3 மி.மீ. மரத்தகடு ஒன்றை உள்பக்கம் வைத்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகப் பலமான காந்தங்களால் பிடித்து ஒட்டலாம். வெளியே வெனீர் மூடிவிடும். யுகுலேலேயில் கை நுழையாது. அங்கே பின்பலகையைக் கழற்றுவதுதான் வழி.

13. வெனீர் ஒட்டணுமா, கட்டையே தெரியற மாதிரி விட்றலாமா?

விடலாம். முதல் தடவை செய்பவருக்கு நாங்கள் சொல்வது அதுதான். வெளியே தெரியப்போகும் மேல் அடுக்குகளை மட்டும் பக்கப்பலகையின் மரத்திலேயே போடுங்கள். ஈட்டிப் பக்கம் என்றால் மேல் அடுக்குகள் ஈட்டி, கீழே மலைவேம்பு. அடுக்குகளுக்கு நடுவே 0.5 மி.மீ. கறுப்பு வெனீர் வைத்தால் 8-இல் சொன்ன உயரக் கோடுகளே அலங்காரம் ஆகிவிடும். தப்பை மறைக்க அல்ல. வளைவு ஒழுங்காக வந்திருந்தால் மட்டுமே இது அழகு.

14. வெனீர் உக்காரவே மாட்டேங்குது. ஒரு ஓரத்த அமுக்கினா இன்னொரு ஓரம் எழும்புது. இன்னா பண்றது?

எழும்பத்தான் செய்யும். குதிரைச் சேணம் மாதிரி ஒரு திசையில் குழிந்தும் மறு திசையில் வளைந்தும் இருக்கும் பரப்பு இது. தட்டையான தாளை அதன்மேல் சுருக்கமில்லாமல் படியவைக்க முடியாது. எங்காவது இழுபட வேண்டும், எங்காவது நெரிபட வேண்டும். மரம் ரேகைவாக்கில் கொஞ்சமும் இழுபடாது, குறுக்கே ஈரத்தில் ஓரளவு கொடுக்கும். எனவே வெனீர் 0.5 அல்லது 0.6 மி.மீ.தான், ரேகை குழிவின் நீளவாக்கில்தான். கூடவே வடிவமும் ஒத்துழைக்க வேண்டும். இரண்டு முனைகளும் நீளமாகத் தேய்ந்து முடிந்தால் வெனீர் படியும். கிண்ணம் மாதிரி சட்டென்று முடித்தால் எந்த வித்தையும் பலிக்காது.

நான்கு பங்கு தண்ணீர், ஒரு பங்கு கிளிசரின், ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கிளிசரின் மெடிக்கலில் கிடைக்கும். அதிகம் ஊற்றாதீர்கள், பிறகு ஒட்டும் பிடிக்காது, பாலிஷும் பிடிக்காது. வெனீரை இதில் அரைமணி நேரம் ஊறவிட்டு, வடிய விட்டு, குழிவின்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு அதன்மேல் வைத்து அழுத்துங்கள். அழுத்துவதற்கு எதிர் அச்சு வேண்டும். குழிவின்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் 3 மி.மீ. தோல் துண்டு, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினால் கிடைத்துவிடும். தோலுக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் கழிவுத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். அழுத்தும்போதும் அதே தோல் அச்சுக்கும் வெனீருக்கும் நடுவே இருக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகை அது விழுங்கிக்கொள்ளும்.

ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் விட்டு, எடுத்து, நியூஸ்பேப்பர் மாற்றி மறுபடி ஒரு நாள். வெளியே எடுத்து மேசைமேல் வைத்தால் அது தானாகவே குழிவின் வடிவத்தில் நிற்க வேண்டும். நிற்கிறதா? அப்போதுதான் பசை. இந்த ஒன்றை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். தட்டையாக விரிய நினைக்கும் வெனீரைப் பசையின் பலத்தில் பிடித்துவைத்தால், இன்றில்லாவிட்டால் அடுத்த சித்திரையில் விரியும்.

அப்படியும் ஓரத்தில் சுருக்கம் வந்தால் வெனீரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு வைத்துச் சேருங்கள். பார்ப்பவர் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.

15. ஃபெவிகால் தடவி காயவிட்டு, அயர்ன் பாக்ஸ் வெச்சி தேய்ச்சா சூப்பரா ஒட்டுதே. அது போதாதா?

ஒட்டும், இப்படி வளைந்த பரப்புக்கு மிக வசதியான முறையும்கூட. சூட்டில் இளகி ஒட்டியது சூட்டில் இளகவும் செய்யும், அதுதான் பிரச்சினை. கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். கிட்டாரைப் பின்சீட்டில் விட்டுவிட்டு ஒருவர் மதியம் சாப்பிடப் போனால் போதும். சாதாரண இரண்டு டியூப் எபாக்ஸியும் அந்தச் சூட்டில் கெட்டித்தன்மை இழக்கும் என்பதால், பசையை மாற்றுவது மட்டும் தீர்வாகாது. 14-இல் சொன்னபடி வெனீர் தானாகவே வடிவத்தில் நின்றால் பசைக்கு இழுவிசை வேலை இல்லை; இளகினாலும் எழும்பாது, ஆறியதும் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டியபின் நகத்தால் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடம் 'டிக்' என்று அடங்கும், ஒட்டாத இடம் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளல் இடத்தில் ரேகையோடு பிளேடால் ஒரு கீறல், அதன்வழி பசை, மேலே தோலும் அச்சும்.

16. பைண்டிங் ரெண்டா பிரியற இடம் அசிங்கமா வருது.

உடம்பைச் சுற்றி வரும் பைண்டிங் குழிவின் முனையில் இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை மேல்பலகைக் கோட்டில், இன்னொன்று பக்கப்பலகைக் கோட்டில். இரண்டு கிளையும் முழு பைண்டிங் தடிமனில் இருந்தால் கனமாகத் தெரியும். சுற்று பைண்டிங் 2 மி.மீ. என்றால் கிளைகள் 1.5 சதுரம் போதும்.

வெனீர் ஒட்டி ஓரம் சீவியபின் கிளைகளுக்குக் காடி வெட்டுங்கள். ரவுட்டருக்கு உட்கார மட்டமான இடம் கிடையாது. கட்டிங் கேஜால் கோடு கீறி, 3 மி.மீ. உளியால் கையில்தான். பட்டைகளை வளைகுழாயில் முன்னமே வளைத்துவிட்டு, 20 மி.மீ.க்கு ஒரு டேப் போட்டு ஒட்டுங்கள். சந்திப்பில் மூன்று முனைகளையும் ஒன்றோடொன்று சேரும்படி சாய்வாக (மைட்டர்) வெட்டி முதலில் அதை ஒட்டுங்கள். அங்கிருந்து கழுத்தை நோக்கிப் போங்கள். கழுத்துப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய வந்தால் ஃப்ரெட்போர்டு நிழலில் மறையும். சந்திப்பு எல்லார் கண்ணிலும் படும்.

17. கார்த்திகைல ஒட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சி. மே மாசம் ஸ்கூப் ஓரத்துல மேல்பலகை கோடு விட்டுச்சி. ஏன்?

தோள் பகுதியில் பக்கப்பலகை கழுத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. கட்டையின் ரேகையும் அப்படியே. மேல்பலகையின் ரேகையோ கழுத்துவாக்கில். ஆக அங்கே இரண்டு மரமும் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டியிருக்கின்றன. கார்த்திகை மழையில் ஈரம் குடித்து விரிந்திருந்த மேல்பலகை, கத்திரியில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். கட்டை நீளவாக்கில் சுருங்காது. 140 மி.மீ. நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே ஸ்புரூஸ் பிளக்கும்.

மூன்று காப்பு. ஈரமானியில் 45-இலிருந்து 50 சதவீதம் காட்டும் நாளில் மட்டும் மேல்பலகையை ஒட்டுங்கள். நம் ஊரில் தை, மாசி தோது. மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால் ஏசி அறையில், பலகைகளை ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்தபின். இரண்டாவது, 9-இல் சொன்னபடி உள்முகத்தைக் குடைந்திருந்தால், செதுக்கியபின் மேல்பலகைக்குக் கீழே 8, 10 மி.மீ. அகல விளிம்புதான் மிஞ்சும். 60 மி.மீ. குறுக்கு ஒட்டு இருக்கும் இடத்தில்தான் இழுவை முழுசாக வேலை செய்யும். மூன்றாவது, பெட்டியை மூடிவிட்டு செதுக்காமல் மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள்.

18. குழில உப்புத்தாள் தேய்ச்சா வெனீர் தேஞ்சி அடிக்கட்டை தெரியுது. பாலிஷும் தேங்குது.

விரல் நுனியால் தேய்த்தால் விரல் நுனி அளவுக்குப் பள்ளம் விழும். பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தைக் குழிவின் வளைவுக்கு வெட்டி, அதன்மேல் உப்புத்தாளைச் சுற்றுங்கள். 220-இல் ஆரம்பித்து 320, 400. அரை மில்லிமீட்டர் வெனீரில் ஸ்கிராப்பர் ஏற்கெனவே கொஞ்சம் எடுத்திருக்கும். 220-க்குக் கீழே போகாதீர்கள்.

லாக்கர் அடித்தால் குழிவு மேலே பார்த்து மட்டமாக இருக்கும்படி கிட்டாரைப் பிடித்து, மெல்லிய கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. கையால் அரக்குப் பாலிஷ் ஏற்றுவதாக இருந்தால் நெல்லிக்காய் அளவு சின்ன துணி உருண்டை தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய உருண்டை ஓரங்களை மட்டுமே தொடும்.

19. குழிவு அப்படியே ஹீலோட வழுக்கிட்டுப் போற மாதிரி செய்யலாமா? படத்துல பாத்தேன், செம அழகு.

அழகுதான். கழுத்தைப் போல்ட் இறுக்கி வைத்து, ஹீலையும் (கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதி) உடம்பையும் ஒரே பரப்பாகச் செதுக்க வேண்டும். ஆனால் எஃகுத் தந்தி கிட்டாருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கழுத்துக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டிவரும். அப்போது ஹீலின் கன்னத்திலிருந்து ஒரு மெல்லிய ஆப்பு அளவுக்கு மரம் எடுப்பார்கள். எடுத்ததும் ஹீல் வளைவும் உடம்பு வளைவும் ஒன்றையொன்று சந்திக்காமல் படியாக நிற்கும். பிறகு பாலிஷை உரித்து மறுபடி செதுக்க வேண்டும்.

நைலான் தந்தி யுகுலேலேயில் இழுவிசை குறைவு என்பதால் தைரியமாகச் செய்யலாம். எஃகுத் தந்திக்கு ஹீலை ஒட்டி 5 மி.மீ. மட்டமான இடம் விட்டு, அதற்கப்பால் குழிவை ஆரம்பியுங்கள். இடது கைக்காரருக்குச் செய்யும்போதும் இதே 5 மி.மீ.தான், மறு தோளில்; கண்ணாடியில் பார்த்த மாதிரி டெம்ப்ளேட்டைத் திருப்பிப் போட்டால் போதும், ஆனால் தெர்மாகோல் சோதனையை அவர் கையாலேயே மறுபடி செய்துவிடுங்கள்.